நிலமும் நானும்: தமிழ்க் கவிதையில் இயற்கையும் தன்னிலையும்

சங்க அகப்பாடல்களில் மலையும் கழியும் காஞ்சிமரமும் நிறைந்திருந்தாலும், மலையை மட்டும் பாடுவதற்கென்று எழுந்த அகப்பாடல் என்று எதையும் காட்டுவது கடினம். அங்கே நிலம் வருவது ஒரு மனம் பேசுவதற்காக. அந்த மனம் யாருடையது என்ற கேள்விக்குத் தமிழ்க் கவிதை இரண்டாயிரம் ஆண்டுகளில் பலமுறை விடையை மாற்றிக்கொண்டிருக்கிறது. பெயர் சொல்லப்படாத தலைவியுடையது என்றது சங்க மரபு. பக்தி இயக்கம் அதைத் தன் பெயரைப் பாட்டுக்குள் பொறித்துவைத்த அடியாருடையது ஆக்கியது. பாரதி, அது ‘நான்’ என்றார்.

இந்த மாற்றத்தை வளர்ச்சி என்று எழுதுவது பாடநூல்களின் வழக்கம். வரவும் செலவும் கலந்த கணக்கு என்பதே பொருத்தம். பேசுபவருக்குப் பெயர் இல்லாத காலத்தில் நிலத்துக்குத் துல்லியம் இருந்தது. ஒவ்வொரு பூவுக்கும் பெயரும் பருவமும் பொழுதும் தெரிந்திருந்தன. ‘நான்’ என்பதற்கு இடம் பெருகியபோது நிலம் பொதுமைப்பட்டது. குறிப்பிட்ட கழிமுகம் ‘கடல்’ ஆயிற்று, குறிப்பிட்ட குன்று ‘மலை’ ஆயிற்று. இரண்டையும் ஒருசேரத் திரும்பப் பெறும் முயற்சியே கடந்த ஐம்பது ஆண்டுக் கவிதையின் பெரும்பகுதி.

திணை என்னும் சுருக்கெழுத்து

தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாடலின் உறுப்புகளை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்றாகப் பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகியவை உரி. மலைநிலமும் நள்ளிரவும் கூதிர்ப்பருவமும் சேர்ந்தால் அது புணர்ச்சிக்குரிய குறிஞ்சி. காடும் கார்காலத்து மாலையும் சேர்ந்தால், வினைமேற் சென்றவன் வருகைக்காகக் காத்திருக்கும் முல்லை. பாலைக்கு நிலையான நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. இது புவியியலாகவும் உண்மை, பிரிவைப் பற்றிய கூற்றாகவும் உண்மை.

இந்த ஏற்பாட்டின் பயன் சிக்கனம். கழியில் நிற்கும் ஒரு நாரையைச் சொன்னால் போதும்; கேட்பவருக்கு இடமும் பொழுதும் மனநிலையும் ஒருசேர விளங்கிவிடும். நான்கு முதல் எட்டடிக்குள் குறுந்தொகைப் பாடல்கள் முழு வாழ்க்கையைச் சொல்ல முடிந்தது இதனால்தான். உள்ளுறை உவமம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எருமை ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு பொய்கைக்குள் புகுந்து தாமரையை மேய்ந்தது என்று மருதத்துத் தோழி சொன்னால், வாசலில் நிற்கும் தலைவனுக்குச் சுருக்கென்று தைக்கும். பரத்தை வீட்டிலிருந்து வந்தவன் அவன். எருமையைப் பற்றி மட்டும் பேசியவள் தோழி. சண்டைக்கு யாரும் அவளைப் பிடிக்க முடியாது.

அகப்பாடலில் எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. பாடுபவர் யாராயிருந்தாலும் பேசுபவர் தலைவி, தோழி, செவிலி, தலைவன் என்ற பொதுமாந்தரில் ஒருவரே. பாடியவரின் சொந்த வாழ்க்கை பாட்டுக்குள் நுழைய இலக்கண வழி இல்லை. இதன் விளைவுகளில் விசித்திரமான ஒன்று புலவர் பெயர்களில் தெரிகிறது. தொகுப்பாளர்களுக்கு இயற்பெயர் கிடைக்காத சிலர், தாம் பாடிய காட்சியின் பெயராலேயே அறியப்பட்டனர். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக் கோழியார், கல்பொரு சிறுநுரையார், ஓரேருழவனார் என்று ஒரு வரிசையே உண்டு. இவர்களைப் பற்றி ஊரோ குலமோ வேறெதுவுமோ தெரியாது. ஓர் அணில், ஒரு தூண்டில், பாறையில் மோதிக் கரையும் கொஞ்சம் நுரை என்ற அளவில் அவர்களுடைய தன்னிலை எஞ்சியிருக்கிறது. பிற்காலக் கவிஞன் இயற்கையில் தன்னைக் கரைத்துக்கொள்ள ஏங்கினான். இவர்கள் கேட்காமலே கரைக்கப்பட்டார்கள்.

விதி இருந்த இடத்தில் கசிவும் இருந்தது. வெள்ளிவீதியார் பாடல்களில் பேசுவது மரபுத் தலைவியும் தலைவனும்தான். வெயில் காயும் பாறையில் வைத்த வெண்ணெயைக் கையில்லாத ஊமை ஒருவன் கண்ணால் மட்டும் காக்கும் காட்சியைப் படைத்தவர் அவர். காதல்நோய்க்குத் தமிழில் அதைவிடக் கொடிய உவமை அரிது. ஆனால் அகநானூற்றில் ஔவையார் ஒரு பாடலில், பிரிந்தவனைத் தேடித் திரிந்த வெள்ளிவீதியைப் போலத் தானும் போகலாமா என்று தலைவியைப் பேசவைக்கிறார். பொதுமாந்தரின் குரலுக்குப் பின்னால் ஓர் உண்மைப் பெண் நின்றதைச் சக புலவர் கண்டுகொண்டார் என்பதற்கு இது சான்று. விதியை மீறியே அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

புறப்பாடல்களில் பெயருக்குத் தடையில்லை. அதனால் கவிஞரின் சொந்தக் குரலை அங்கேதான் கேட்க முடிகிறது. கபிலர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இருநூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் அவர் பெயரில் உள்ளன. ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும் அவருடையது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அந்தப் பட்டியலை வெறும் தாவரவியல் பெருமையாக வாசிப்பது தவறு. தலைவியின் காதலைச் செவிலியிடம் மெல்ல வெளிப்படுத்தத் தோழி நிகழ்த்தும் நீண்ட பேச்சுக்குள் அது வருகிறது. பூக்கள் பெருகப் பெருகக் காதலின் ‘குற்றம்’ பின்னுக்குப் போகிறது. அதே கபிலர் பறம்புமலையைப் பாடும்போது தோழியின் வாய் தேவைப்படவில்லை. உழவர் உழாமலே மூங்கில்நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை அது என்று முற்றுகையிட்ட மூவேந்தருக்குச் சொல்கிறார். பறம்பின் தலைவனும் தம் நண்பனுமான பாரி இறந்தபின் அவன் மகளிரோடு வெளியேறி, தொலைவில் மறையும் அந்த மலையைத் திரும்பிப் பார்த்துப் பாடும் பாடல்களில் நிலமும் நண்பனும் பிரித்தறிய முடியாதபடி ஒன்றாகிவிடுகின்றன. தமிழில் இயற்கையும் தன்னுணர்வும் கலந்த முதல் பெருங்கவி என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் கபிலரின் பறம்புப் பாடல்களைத்தான் சொல்லவேண்டும்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு உலகப் புகழ் பெற்றது முதலடியால். ஆனால் அதன் உயிர் நடுவில் இருக்கிறது. மழைபெய்து பாறையில் அலைத்து ஓடும் பேராற்றில் அகப்பட்ட தெப்பத்தைப் போன்றது உயிர் என்கிறது பாட்டு. பெரியோரை வியக்காமலும் சிறியோரை இகழாமலும் இருக்கும் மனம் அந்த ஆற்றைப் பார்த்ததிலிருந்து கிடைக்கிறது. முதலடியை மட்டும் சுவரில் எழுதும் பழக்கம் ஆற்றை விட்டுவிடுகிறது.

ஆய்வாளர் வழக்கு

சங்கப் பாடல்களை இயற்கைக் கவிதையாகப் படிக்கும் ஆய்வு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வலுப்பெற்றது. மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை என்பதையே தம் முனைவர் பட்டத்துக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். சேவியர் தனிநாயகம் அடிகள் நிலத்துக்கும் கவிதைக்குமான உறவை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அதன் திருந்திய பதிப்பு 1966இல் வந்தது. அடுத்த ஆண்டு ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்ற தலைப்பில் மொழிபெயர்த்து வெளியிட்டார். வெளிநிலம் முழுவதும் மனத்தின் வரைபடம் என்ற பார்வை உலக வாசகருக்கு அந்த நூலின் வழியே போய்ச்சேர்ந்தது.

கா. சிவத்தம்பி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். திணைகள் மனத்தின் வகைகளாக ஆகுமுன், வெவ்வேறு சூழல்களில் சமனற்று வளர்ந்த வாழ்க்கைமுறைகளாக இருந்தன என்பது அவர் வாதம். வேட்டையும் தினைப்புனமும், மேய்ச்சல், நன்செய், மீன்பிடி, வழிப்பறி என்ற பொருளியல் அடுக்குகளே காதலின் இயல்பையும் தீர்மானித்தன. உடைமை பெருகிய மருதத்தில் ஊடலும் பரத்தையும் வருவது தற்செயல் ஆகாது என்றார். இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் பாடல்களைப் படிக்கும்போது இரண்டும் தேவைப்படுகின்றன. மனவரைபடம் என்று மட்டும் படித்தால் உப்புவண்டியோடு போகும் உமணர் அலங்காரம் ஆகிவிடுவார்கள். பொருளியல் என்று மட்டும் படித்தால் அந்த வண்டிச் சத்தத்தில் ஒரு பெண் ஏன் உறக்கமிழந்தாள் என்பது விளங்காது.

ஆங்கில ஒப்பீடு ஒன்றும் நெடுங்காலம் ஓடியது: சங்கப் புலவர்கள் வேர்ட்ஸ்வொர்த்தைப் போன்றவர்கள் என்பது. இது பொருந்தாது. வேர்ட்ஸ்வொர்த்தின் ஏரியும் மலையும் ஒரே மனிதரின் நினைவுக்குள் நின்று அவரை வளர்க்கின்றன. அவர் இறந்த ஆண்டான 1850இல் வெளிவந்த தன்வரலாற்று நெடும்பாட்டு அதைத்தான் சொல்கிறது. கவிஞனுக்குத் தனக்கென ஓர் அடையாளம் இல்லை, பிறவற்றுக்குள் புகுந்து நிறைவதே அவன் இயல்பு என்று 1818இல் கடிதம் எழுதிய கீட்ஸ்தான் அகப்புலவர்களுக்கு நெருங்கியவர்.

பெயர் நுழைகிறது

பக்தி இயக்கம் அகமரபை அப்படியே எடுத்துக்கொண்டு விதியை மட்டும் உடைத்தது. பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் பெயரும் ஊரும் வந்தன. குருகூர்ச் சடகோபன், காழி ஞானசம்பந்தன், பட்டர்பிரான் கோதை என்று குரலுக்கு உரிமையாளர் வந்துவிட்டார்.

திருவாய்மொழியின் 1102 பாசுரங்களில் நம்மாழ்வார் பல இடங்களில் பெண்ணாகப் பேசுகிறார். ஒரு பதிகத்தில் நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், மதி, இருள், கழி, விளக்கு என்று ஒவ்வொன்றாக அழைத்து, நீயும் என்னைப் போல அவனிடம் மனத்தை இழந்தாயோ என்று கேட்கிறாள் அந்தப் பெண். சங்கத் தலைவியின் நாரை அவள் துயரத்துக்குச் சாட்சியாக நின்றது. ஆழ்வாரின் நாரை அவளோடு சேர்ந்து நோயுற்றிருக்கிறது. உலகம் முழுவதும் ஒரே பிரிவுத்துயரில் கிடக்கிறது. இன்னொரு பதிகத்தில் நிலை முற்றி, கடல்சூழ் உலகைப் படைத்ததும் இடந்ததும் விழுங்கியதும் தானே என்று மகள் பேசத் தொடங்க, தாய் திகைத்து நிற்கிறாள். ‘நான்’ என்பது இத்தனை பெரிதாக விரிந்த இடம் அதற்கு முன் தமிழில் இல்லை. அந்த விரிவு தன்முனைப்பால் வந்ததன்று. தான் முழுதும் இழந்து, அந்தக் காலியிடத்தை வேறொருவர் நிறைத்ததால் வந்தது.

ஆண்டாள் வேறு வகை. நாச்சியார் திருமொழியில் மேகத்தையும் குயிலையும் தூதனுப்புகிறார்; திருமாலிருஞ்சோலைப் பூக்கள் மேல் கோபமும் கொள்கிறார். அவன் நிறத்தைக் காட்டித் தன்னை வதைக்கின்றன என்பது குற்றச்சாட்டு. இயற்கை ஆறுதல் தரும் என்ற நம்பிக்கைக்குத் தமிழில் எழுந்த வலுவான மறுப்புகளில் அது ஒன்று.

சைவத்தில் திருவையாறு என்ற ஒரே ஊர் இரண்டு பெரும்பாடல்களுக்கு இடமளித்தது. கயிலை செல்லப் புறப்பட்டு உடல் தேய்ந்த அப்பர், ஐயாற்றில் பிடியோடு வரும் களிற்றையும் பெடையோடு வரும் கோழியையும் குயிலையும் பார்த்து, அந்த இணைகளிலேயே தேடியதைக் கண்டார். சம்பந்தரின் ஐயாற்றுப் பதிகம் புலன்கள் கலங்கி, அறிவு அழிந்து, சளி மேலிட்டு இறக்கும் தறுவாயில் தொடங்குகிறது. அடுத்த நொடியில் ஊர் வருகிறது: பெண்கள் ஆட, முழவு அதிர, அதை இடி என்று அஞ்சிய மந்திகள் மரமேறி முகில் பார்க்கின்றன. சாகப்போகும் ‘நான்’ ஒரு பக்கம், குரங்கின் வேடிக்கை மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே விளக்கம் ஏதும் வைக்கவில்லை சம்பந்தர். அந்தத் துணிச்சலைப் பிற்காலத்தார் அதிகம் பின்பற்றவில்லை.

இடைக்காலக் காப்பியங்களில் நாடும் ஆறும் வருணனைக்கு உரியவை ஆயின. நாட்டுப்படலம், ஆற்றுப்படலம் என்று இடம் ஒதுக்கப்பட்ட பிறகு நிலத்தில் தன்னிலைக்கு வேலை குறைந்தது. பள்ளும் குறவஞ்சியும் நெல்வகை, மீன்வகை, மாட்டுவகைகளைப் பதிவு செய்தன. முக்கூடற் பள்ளு வேளாண் அறிவின் கருவூலம் என்றாலும் அதன் நிலத்தில் பள்ளனுக்குச் சொந்தமாக ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வள்ளலார், நீரின்றி வாடும் பயிரின் துயரைத் தன் துயராகச் சொன்னபோது மரபான வருணனையிலிருந்து கவிதை விலகிவிட்டது தெரிந்தது.

பாரதியின் நான்

சுப்பிரமணிய பாரதி (1882–1921) இளமையில் ‘ஷெல்லிதாசன்’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஆங்கில ரொமான்டிக் கவிகள், வேத ரிஷிகள், ஆழ்வார்கள் ஆகிய மூன்று பக்கத்திலிருந்தும் அவருக்கு வரவு இருந்தது. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் அச்சேற்றியபோது பாரதி சிறுவர். குறுந்தொகையின் உ.வே.சா. பதிப்பு வந்த 1937இல் அவர் இல்லை. தமிழின் மிகப் பெரிய இயற்கைக் கவிதைத் தொகை பரவலாக மீளும் முன்பே நவீன இயற்கைக் கவிதை பிறந்துவிட்டது. பாரதியின் இயற்கையில் திணையின் நுண்விவரங்களைவிட ஞாயிறு, காற்று, மழை, தீ போன்ற பெரும் பூதங்கள் ஓங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

‘நான்’ என்று தலைப்பிட்ட பாடலில் பறவையும் விலங்கும் மரமும் காற்றும் விண்மீனும் தானே என்கிறார். கம்பனின் கவியும் தான், பொய்யும் தான். வால்ட் விட்மன் 1855இல் வெளியிட்ட ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. பாரதி விட்மனை அறிந்தவர், அவரைப் பற்றிக் கட்டுரையில் எழுதியவர். ஆனால் நம்மாழ்வாரின் அந்தப் பதிகத்தைப் படித்தவருக்கு இந்தப் பாட்டின் வேர் தேட அமெரிக்கா போகத் தேவையில்லை. வேறுபாடு ஒன்றுண்டு. ஆழ்வாரின் மகள் பேசும்போது பக்கத்தில் தாய் நின்று கவலைப்பட்டாள். பாரதியின் ‘நான்’ பேசும்போது பக்கத்தில் யாருமில்லை.

குயில் பாட்டு அவர் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த புதுச்சேரியின் மாந்தோப்பில் நிகழ்கிறது. குயில் ஒன்று கவிஞனைக் காதலிக்கிறது, குரங்கையும் மாட்டையும் காதலிப்பதாகவும் காட்டுகிறது, முற்பிறவிக் கதை சொல்கிறது. முடிவில் எல்லாம் கனவென்று கலைந்து, பழஞ்சுவடியும் பேனாவும் பத்திரிகைகளும் பாயும் கிடக்கும் அறை தெரிகிறது. இயற்கையோடு ஒன்றாகும் ஏக்கத்தை எழுதி, அந்த ஏக்கத்தை எழுதிக்கொண்டிருப்பவன் ஒரு பத்திரிகைக்காரன் என்பதையும் காட்டியது அந்தப் படைப்பின் நவீனம்.

‘காட்சி’ என்ற வசன கவிதைத் தொடர் இதைவிட முக்கியமானது. காற்றைப் பற்றிய பகுதியில், பந்தலில் தொங்கும் இரண்டு கயிற்றுத் துண்டுகள் காற்று வீசியதும் கணவனும் மனைவியுமாகிப் பேசுகின்றன, கொஞ்சுகின்றன; காற்று நின்றதும் வெறும் கயிறாகின்றன. உபநிடதச் சாயலுள்ள அந்தத் தொடரில் இந்தப் பந்தல்கயிறு மட்டுமே கண்ணால் கண்ட பொருளின் எடையோடு நிற்கிறது. பிற்காலப் புதுக்கவிதை பிடித்துக்கொண்டது இந்தக் கயிற்றைத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

பாரதிதாசனின் ‘அழகின் சிரிப்பு’ (1944) கடல், தென்றல், காடு, குன்றம், ஆறு என்று தொடங்கிச் சிற்றூர், பட்டணம், தமிழ் என்று முடிகிறது. இயற்கைக்கும் தமிழுக்கும் ஒரே வரிசையில் இடம் தந்ததில் அவருடைய கொள்கை தெரிகிறது. அங்கே ‘நான்’ என்பது தனியாளின் குரலாக ஒலித்தாலும் பின்னால் ஓர் இனம் நிற்கிறது. தெய்வம் விலகிய இடத்தில் அழகு ஒரு பெண்ணாக அமர்கிறாள். ஓசையின்பத்தில் அவரை மிஞ்சியவர் குறைவு. ஆனால் அந்தக் கடல் எந்தக் கரையின் கடல் என்ற கேள்விக்கு விடை இல்லை.

தனித்து நிற்கும் கண்

கும்பகோணத்தில் 1900இல் பிறந்த ந. பிச்சமூர்த்தி 1934இல் மணிக்கொடியில் ‘காதல்’ கவிதையை வெளியிட்டார். யாப்பை விட்ட கவிதைக்கு அது தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது. விட்மனும் பாரதியின் வசன கவிதையும் தம்மைத் தூண்டியவை என்பதை அவரே சொல்லியிருக்கிறார். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய ‘எழுத்து’ இதழும், 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பும் அந்தப் போக்கை இயக்கமாக்கின. அதே ஆண்டில் பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’ நூலாயிற்று. வலசைப் பறவையின் உள்ளுணர்வை மனிதனின் கலங்கிய அறிவுக்கு எதிரே நிறுத்திப் பார்ப்பவர் அவர். சில இடங்களில் வேதாந்தப் பாடம் பறவையை முந்திக்கொண்டு பறந்துவிடுகிறது என்பது அவர் கவிதையின் குறை.

திருகோணமலையில் 1939இல் பிறந்து, பின்னர் தமிழ்நாட்டில் வாழ்ந்து 1997இல் மறைந்த பிரமிள், பாடத்தை நீக்கிப் படிமத்தை மட்டும் வைத்தார். உதிரும் ஓர் இறகைப் பற்றிய மிகச் சிறிய கவிதை ஒன்று அவரை அறியாதவர்களுக்கும் தெரியும். அதில் ‘நான்’ இல்லை, உணர்ச்சிச்சொல்லும் இல்லை. சங்கத் தலைவியின் பெயரின்மை வேறொரு வழியாகத் திரும்பி வந்ததுபோல் இருக்கிறது.

அபி (பிறப்பு 1942) இன்னும் அருவமான பாதையில் போனார். அவருடைய ‘மாலை’ வரிசைக் கவிதைகளில் மாலை என்பது பொழுது மட்டுமன்று, தன்னைத் தானாக அறியும் மனம் மெல்ல மங்கும் நிலை. முல்லைக்கு மாலை உரியது என்ற பழைய இலக்கணத்தை அறிந்த தமிழ்ப் பேராசிரியர் அவர். ஆனால் காத்திருக்கும் தலைவியும் திரும்பிவரும் தேரும் அவர் மாலையில் இல்லை. பொழுது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேவதேவன் (பிறப்பு 1948) பள்ளி ஆசிரியராக இருந்தவர். மரங்கள், பறவைகள், வீடு, வெயில் என்ற மிகச் சில பொருள்களைக் கொண்டு பெருந்திரளான கவிதைகளை எழுதியிருக்கிறார். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை அவரைப் பாதித்தது வெளிப்படை. பார்ப்பவன் இல்லாத பார்வை என்பது அவர் தேடல். நல்ல கவிதைகளில் மரம் மரமாகவே நிற்கிறது, பார்ப்பவன் ஒதுங்கிக்கொள்கிறான். மற்றவற்றில் பரவசச் சொற்கள் மரத்தை மறைத்துவிடுகின்றன. அத்தனை எழுதுபவருக்கு இந்த ஏற்றத்தாழ்வு தவிர்க்க முடியாதது. கோவில்பட்டியின் தேவதச்சன் (பிறப்பு 1952) குறைத்தே எழுதினார். கரிசல்பூமியின் வெட்டவெளியில் ஒரு பட்டாம்பூச்சியோ ஒரு கணமோ குறுக்கிட, தினசரி வாழ்க்கை தன் ஒழுங்கிலிருந்து லேசாக நழுவுவதை அவர் கவிதைகள் பிடிக்கின்றன. பாரதியின் ‘நான்’ உலகைத் தனக்குள் இழுத்துக்கொண்டது; தேவதச்சனின் ‘நான்’ கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறது.

உடலும் உரிமையும்

மேலே சொன்ன கவிஞர் அனைவருக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இயற்கைக்கு முன் தனியாக நிற்க அவர்களுக்கு நேரமும் இடமும் இருந்தன. குளக்கரையில் அமர்ந்து மாலையைப் பார்க்க எல்லோருக்கும் அந்தக் குளக்கரை திறந்திருக்கவில்லை என்பதைத் தலித் கவிதையும் பெண்கள் கவிதையும் நினைவூட்டின. 2000ஆம் ஆண்டை ஒட்டி சல்மா, மாலதி மைத்ரி, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோரின் தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. புதுச்சேரியைச் சேர்ந்த மாலதி மைத்ரியின் முதல் தொகுப்பு அந்தப் பகுதி ஆற்றின் பெயரையே தாங்கியது: ‘சங்கராபரணி’. குறிப்பிட்ட ஆறு கவிதைக்குத் திரும்பிவந்தது, கூடவே பெண்ணின் உடலும். சுகிர்தராணியிடம் மண்ணும் மலையும் காட்டாறும் அடக்கப்பட்ட உடலின் மறுபெயர்கள். புதைத்தாலும் நிலமாகப் பரவும் உடல் அது. பூவுக்குப் பெண்ணை ஒப்பிட்ட ஆயிரமாண்டு வழக்கத்தை அந்த ஒப்பீட்டின் மறுமுனையிலிருந்து பேசத் தொடங்கியவர்கள் இவர்கள். நாகர்கோவில் பக்கத்து என்.டி. ராஜ்குமார் மலைத்தெய்வங்களையும் மாந்திரீக மொழியையும் கொண்டு எழுதினார். அவருடைய காட்டில் அழகு பார்ப்பவர் யாருமில்லை, பழிவாங்கும் மூதாதையர் இருக்கிறார்கள்.

இலங்கை மலையகம் திணை இலக்கணத்தையே சோதித்தது. நிலம் மலை, ஆகவே குறிஞ்சி. ஆனால் காட்டை அழித்து வரிசையாக நட்ட தேயிலை அங்கே கருப்பொருள், கங்காணியின் அதட்டல் அதன் பறை. தோட்டத்துப் பெண்கள் பாடிய நாட்டுப்பாடல்களைத் தொகுத்தவரும், தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக்கியவருமான சி.வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில், தலைமுறைகளாக உழைத்தும் உரிமையற்ற மண்ணே பேசுபொருள்.

வட இலங்கையில் அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவி (1927–1971) கிராமத்தை அதன் பேச்சோசையோடு எழுதினார். அவருக்கு ஊர் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. வ.ஐ.ச. ஜெயபாலன் வன்னியின் பாலி ஆற்றை எழுதினார். மஹாகவியின் மகன் சேரனுக்கு (பிறப்பு 1960) ஊர் எரியும்போதுதான் கவிதை தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணம் எரிக்கப்பட்ட பின்னணியில் எழுந்த அவருடைய ‘இரண்டாவது சூரிய உதயம்’ கவிதையில் காற்று நின்று கடல் செத்துக் கிடக்கிறது. நெருப்பின் வெளிச்சம் தவறான திசையில் விடியலாகத் தோன்றுகிறது. நெய்தல் நிலத்தின் இரங்கல் காதலனைக் குறித்ததாக இருந்த மரபில், இரங்கப்படுவது நிலமாகவே ஆன இடம் இது. அதன்பின் வந்த ‘யமன்’, ‘கானல் வரி’, ‘நீ இப்பொழுது இறங்கும் ஆறு’, ‘காடாற்று’ ஆகிய நூல்களின் தலைப்புகளே அவர் பழந்தமிழ் மரபை எவ்வளவு விழிப்போடு கையாள்கிறார் என்பதைக் காட்டும்.

1983 கலவரத்துக்குப் பின் கனடா, நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ் என்று சிதறிய இலங்கைத் தமிழர்கள் பனிப்புலத்தை ஆறாம் திணை என்று சொல்லத் தொடங்கினர். சொல் கவர்ச்சியானது, அதை எளிதில் ஏற்பதற்குத் தடையும் உண்டு. திணை என்பது ஒரு நிலத்தில் தலைமுறைகளாக வாழ்ந்து, அதன் மரமும் பறவையும் தொழிலும் மனத்தோடு பொருந்திய பின் அமைவது. பனிநிலத்தில் முதல் தலைமுறைக்கு அந்தப் பொருத்தம் நேரவில்லை. கனடாவில் வாழ்ந்த திருமாவளவனின் ‘பனிவயல் உழவு’ என்ற தலைப்பு அந்தப் பொருந்தாமையைத்தான் சொல்கிறது. இக்கவிதைகளில் கண் பார்ப்பது இலையுதிர்ந்த மேப்பிள் மரத்தை, மனம் சொல்வது பனங்கூடலை. இலக்கணப்படி பார்த்தால் இது தனித் திணையைவிடத் திணைமயக்கத்துக்கே நெருக்கம்: ஒரு நிலத்தின் உரிப்பொருள் இன்னொரு நிலத்தின் பொழுதில் வந்து நிற்பது. தொல்காப்பியம் அதற்கு இடம் கொடுத்தே வைத்திருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் தமிழில் எழுதுபவர்கள் பனியைத் தம் முதற்பொருளாகக் கொண்டு எழுதும்போதுதான் ஆறாம் திணை என்ற பெயர் பொருந்துமா என்று பார்க்க முடியும்.